சூடு ஏறும் முன் முள்ளைப் பாருங்கள்



போன கோடையில் நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் பழைய சரக்கு வண்டி, தக்காளிப் பெட்டிகளோடு சந்தைக்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. ஓட்டிய தம்பியைக் கேட்டோம். "முள்ளு மேலதான் நின்னுச்சுக்கா. இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, சந்தைக்குப் போய் பாத்துக்கலாம்னு ஓட்டிட்டேன்" என்றார். அந்த நாலு கிலோமீட்டரில் இன்ஜின் ஹெட் வளைந்துபோனது. தக்காளி வெயிலில் கிடந்தது. வண்டி 12 நாள் பட்டறையில் நின்றது. வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் என்ன தெரியுமா? ஒரு ரப்பர் ஓஸில் விரல் நீள வெடிப்பு. மெக்கானிக் அதைக் கையில் எடுத்துக் காட்டியபோது குழுத் தலைவி பேசவே இல்லை. சில நூறு ரூபாய் சாமான் அது.

நம்மில் பலர் குழுக்கடன் வாங்கிப் பழைய வண்டி எடுத்திருக்கிறோம். குட்டி யானை, வேன், டிராக்டர் என்று பல வகை. ஓட்டுவது கணவர், மகன், அல்லது சம்பளத்துக்கு வைத்த ஆள். கடன் நம் பேரில். "வண்டியைப் பத்தி எனக்கென்ன தெரியும்" என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். குக்கர் வைக்கத் தெரிந்த பெண்ணுக்கு இது நிச்சயம் புரியும்.

இன்ஜினுக்குத் தண்ணீர் எதற்கு?

100 ரூபாய்க்கு டீசல் போட்டால், ஏறக்குறைய 30 ரூபாய்ப் பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்கு வரும். இன்னொரு 30 ரூபாய்ப் பங்கு இன்ஜின் உடம்பில் சூடாக இறங்கும். மீதி பெரும்பாலும் புகையோடு போய்விடும். உடம்பில் இறங்கும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறி, திரும்ப இன்ஜினுக்குள் வருகிறது. இப்படிச் சுற்ற வைப்பது வாட்டர் பம்ப். பழைய வண்டிகளில் பம்பையும் விசிறியையும் சுற்றுவது பெரும்பாலும் ஒரே பெல்ட். அது அறுந்தால் இரண்டும் நின்றுவிடும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. குக்கர் வெயிட் மாதிரிதான். உள்ளே அழுத்தம் பிடித்து வைப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரைக்கும் தாங்கும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்து ஆவியாகிக் குறையும். குக்கர் கேஸ்கட் போனால் அடுப்படியில் என்ன நடக்குமோ அதேதான்.

காலையில் 5 நிமிடம்

வண்டி ஆறிக் கிடக்கும்போது, ஸ்டார்ட் செய்யும் முன்பே பாருங்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்தால் தண்ணீர் கழுத்துவரை நிற்க வேண்டும். பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பா உள்ள வண்டியில், அதில் போட்டிருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேலும் கீழும் போகும் ரப்பர் ஓஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும், மெத்தென்று உப்பியிருந்தாலும், வெடிப்புத் தெரிந்தாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது. பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம்போல இறங்கலாம். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் இறுக்கச் சொல்லுங்கள். கடைசியாக வண்டி நின்ற தரையைப் பாருங்கள். ஈரம் இருந்தால் எங்கிருந்து சொட்டியது என்று கேளுங்கள்.

வைக்கோல், நெல் களத்தில் ஓடும் டிராக்டருக்கு ஒரு வேலை கூடுதல். ரேடியேட்டர் வலையில் தூசும் சுணையும் அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் நிறைய இருந்தும் சூடு ஏறும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் கோளாறு என்று எங்கள் மெக்கானிக் சொல்வார். இன்ஜின் ஆறிய பிறகு, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து வேகமாக அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் உட்காரும், தகடும் மடங்கும்.

முள் சொல்லும் சேதி

டேஷ்போர்டில் சூடு காட்டும் மீட்டர் இருக்கும். பெரும்பாலான இன்ஜின் 80 முதல் 95 டிகிரிக்குள் ஓடும்போது நன்றாக இருக்கும். பல மீட்டரில் எண்ணே இருக்காது. அதனால் உங்கள் வண்டியின் முள் சாதாரண நாளில் எங்கே நிற்கிறது என்று ஓட்டுபவரிடம் கேட்டு, அந்த இடத்தில் கண்ணாடி மேல் சிறு பொட்டு ஒன்று ஒட்டிவிடுங்கள். முள் பொட்டைத் தாண்டினால் கவனம். சிவப்பைத் தொட்டால் நிறுத்தம். இதில் பேச்சே இல்லை.

ஒரு விஷயம் பல ஓட்டுநர்களுக்கே தெரியாது. சூட்டை அளக்கும் கருவி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். ஓஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் கருவி வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் கீழே இறங்கவும் செய்யும்! "சூடு குறைஞ்சிடுச்சு" என்று நினைத்து ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மேலே போன முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தாலும், காய்ந்த வாடை வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். சில பழைய வண்டியில் மீட்டரே வேலை செய்யாது. அதைச் சரி செய்யாமல் கத்திரி வெயிலில் பாரம் ஏற்றி அனுப்பாதீர்கள்.

மலைப்பாதையில் ஏறும்போது பெரிய கியரில் முக்கி முனகி ஏறினால் சூடு அதிகமாகும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அப்படிப்பட்ட பாதையில் சின்ன கியரில் போனால் விசிறியும் பம்பும் வேகமாகச் சுற்றும். நடுவில் நிறுத்தி ஆற விடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வழியில் சூடாகிவிட்டால்

ஓரமாக, நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆவி வந்தாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் கொட்டியிருந்தாலோ இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். இது எதுவும் இல்லாமல் முள் மட்டும் ஏறியிருந்தால், ஓரிரு நிமிடம் பாரமில்லாமல் ஓடவிட்டுப் பார்க்கலாம். இறங்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

அதன்பிறகு மூடியைத் தொடக் கூடாது. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்போமா? சூடான ரேடியேட்டரைத் திறந்தால் கொதிநீர் ஆள் உயரத்துக்கு அடிக்கும். முகமும் மார்பும் வெந்துபோகும். மேல் ஓஸைத் தொட்டால் கை தாங்க வேண்டும். அப்போதுதான் தடித்த துணி போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி ஆவியை விடுங்கள். சத்தம் அடங்கிய பிறகு எடுங்கள். புது வண்டிகளில் மின்சார விசிறி இருக்கும். அது இன்ஜின் அணைந்த பிறகும் தானாகச் சுற்றும். கை பத்திரம்.

கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும். ஆறிய பிறகு, இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தண்ணீர் ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் ஊற்றி ஊற்றி ஓட்டுவது, ஓட்டைக் குடத்தோடு கிணற்றுக்கு நடக்கிற வேலை.

என்ன ஊற்றுவது?

போர்வெல் உப்புத்தண்ணீரைத் தினமும் ஊற்றினால், டீ போடும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு இன்ஜின் உள்ளேயும் படியும். சூடு வெளியேறாது. துருவும் பிடிக்கும். அதனால்தான் கூலண்ட் என்ற மருந்து. அது துருவைத் தடுக்கும், கொதிக்கும் சூட்டையும் உயர்த்தும். கெட்டிக் கூலண்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். கலந்தே வரும் வகைக்குத் தண்ணீர் சேர்க்கக் கூடாது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி என்றால் முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்த பிறகே கூலண்ட். ஆபத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை. பிறகு மாற்றிவிட வேண்டும்.

கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். பிள்ளைகள், ஆடு, மாடு, நாய் எதுவும் குடிக்காதபடி வையுங்கள். கழித்த கூலண்டை வாய்க்காலிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். மூடி போட்ட கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

நம் ஊரில் சில பேர் "தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிப் போட்டா சூடே ஏறாது" என்பார்கள். கேட்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. கழற்றினால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். கெட்டிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பழைய ஐச்சர் டிராக்டர் பலவற்றிலும் சில டீசல் ஆட்டோக்களிலும் ரேடியேட்டரே கிடையாது. காற்றாலேயே ஆறும் இன்ஜின் அது. அங்கே தண்ணீர் வேலை இல்லை. இன்ஜின் மேல் உள்ள தகடுகளில் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அடையாமல் துடைத்து வைப்பதும், ஆயில் அளவைப் பார்ப்பதும்தான் முக்கியம்.

கடன் கொடுக்கும் முன்

பழைய வண்டிக்குக் கடன் கேட்டு உறுப்பினர் வந்தால், ஊக்குநரும் பிரதிநிதியும் ஒரு மெக்கானிக்கோடு போய்ப் பாருங்கள். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா, ஆயில் மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா, இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு உண்டு. பிறகு பாரம் ஏற்றி அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி, முள் எங்கே போய் நிற்கிறது என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

அந்தத் தக்காளி வண்டிக் குழு இப்போது ஒரு 40 பக்க நோட்டைச் சீட்டுக்குப் பின்னால் கட்டி வைத்திருக்கிறது. தேதி, எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம், முள் எங்கே நின்றது, அவ்வளவுதான். மாதக் கூட்டத்தில் சேமிப்பு நோட்டோடு அதையும் எடுத்து வருகிறார்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றியிருந்தால், மறுநாள் வண்டி சந்தைக்குப் போகாது, பட்டறைக்குத்தான் போகும் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.