நெகட்டிவ் அம்மா, பாசிட்டிவ் குழந்தை

கேள்வி: எனக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். இப்போது மூன்று மாதம். குழந்தைக்கு ஆபத்தா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. சிவப்பணுவின் மேல் ‘டி’ என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அப்பாவிடமிருந்து அது குழந்தைக்கு வந்திருந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் சிறிது உங்கள் ரத்தத்தில் கலந்து, அதற்கு எதிர்ப்பு உருவாகலாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையும் பாசிட்டிவ் என்றால்தான் சிக்கல். அதன் சிவப்பணுக்கள் அழிந்து, ரத்தசோகையும் கடும் மஞ்சள்காமாலையும் வரலாம்.

இதைத் தடுக்க 1968-லிருந்தே ‘ஆன்ட்டி-டி’ ஊசி இருக்கிறது. 28-வது வாரத்தில் ஒன்று. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. முன்பு கரு கலைந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எதிர்ப்பு அப்போதே உருவாகியிருக்கலாம். ‘இன்டைரக்ட் கூம்ஸ்’ என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும்.