சேற்றினுள் ஓர் உலகம்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அண்மையில், 1993-இல் தோற்றுவிக்கப்பெற்ற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் விளங்குகிறது. ஆழ்கடலை ஆராயும் நிறுவனத்திற்கும் அருகிலுள்ள சேற்றிற்கும் என்ன தொடர்பு? அதனை ஈண்டுக் காண்போம்.

கடலின் மேற்பரப்பில் வாழும் நுண்பயிர்கள் கதிரொளியின் துணையால் கரியமில வாயுவை உட்கொண்டு வளர்கின்றன. அவை மடிந்து அமிழுங்கால் பெரும்பகுதி நீரிலேயே சிதைந்துவிடுகிறது. அடிமண்ணில் நிலையாகப் புதையும் கரிமம் நூற்றில் ஒரு பங்கினும் குறைவே. வண்டலைச் சென்றடையும் சிறிதளவு உணவைக் கொண்டே ஆங்குள்ள நுண்ணுயிர்கள் மிக மெல்ல வாழ்கின்றன. தென் பசிபிக் கடலடியில் 2010-இல் எடுக்கப்பெற்ற, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையுடைய வண்டலிலிருந்த நுண்ணுயிர்கள், உணவளித்ததும் பெருகத் தொடங்கின என்பதை 2020-இல் அறிஞர்கள் வெளியிட்டனர்.

உயிர்வளி அற்ற வண்டலில் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களுள் சில மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. சதுப்பு நிலச் சேற்றில் குமிழியிடுவதும் இவ்வாயுவே. ஆழ்கடலிலோ, குளிரும் அழுத்தமும் மிகுதலால், அது நீருடன் சேர்ந்து பனிக்கட்டி போல் உறைகிறது. 2006-இல் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' என்னும் கப்பல் துளையிட்டபோது, ஓரிடத்தில் ஏறத்தாழ 130 மீட்டர் தடிப்புள்ள மீத்தேன் உறைபடிவ அடுக்கு காணப்பட்டது. அம்மீத்தேன் பெரிதும் நுண்ணுயிர்கள் ஆக்கியதே.

இனி, மேலெழும் மீத்தேன் எல்லாம் வானை அடைவதில்லை. கடல்நீரிலுள்ள சல்பேட்டு வண்டலினுள் இறங்குகிறது. அவ்விரண்டும் சந்திக்குமிடத்தில் ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் கூடி வாழ்ந்து, மீத்தேனின் பெரும்பகுதியை உண்டுவிடுகின்றன. ஆக்குவோரும் காப்போரும் அச்சேற்றினுள்ளேயே உளர்! சல்பேட்டுக் குறைந்த நன்னீர்ச் சதுப்பில் இக்காவல் தளர்வதால், அங்கு மீத்தேன் மிகுதியாக வெளியேறுகிறது. எனினும், நீர் தேங்கும்வரை சதுப்பின் சேறு கரிமத்தைப் புதைத்துக் காக்கிறது. நீர் வற்றின் உயிர்வளி உட்புகும். புதைந்த கரிமம் மீண்டும் காற்றில் கலக்கும்.

ஆழ்கடல் உறைபடிவத்தை எரிபொருளாகக் கொள்ளும் முயற்சியில் நம் நாடும் ஈடுபட்டுள்ளது. எரிபொருளின் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆயின், எடுக்கத் துணியுமுன் காப்போரை அறிதல் கடன்.

பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் நிலமாக அறிவிக்கப்பெற்றது. அதற்குள் அதன் ஒரு பகுதி குப்பைமேடாகிவிட்டது. சேறு என்றால் பயனற்றது என்பது நம் எண்ணம். பழந்தமிழிலோ அச்சொல்லுக்குச் சாறு, இனிமை என்னும் பொருள்களும் உண்டு. அப்பொருளை மறவாதிருப்போமாக.