பாட்டு வாங்க எந்த ஊர் விலாசம்?

வெளிநாட்டுக் கடையில் காசு கொடுத்துப் பாட்டை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கணக்குப் பக்கத்தில் ‘நாடு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மாற்றாதீர்கள். யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். சொந்தக்காரன் சொன்னால் கண்டிப்பாக மாற்றாதீர்கள்.

பிரம்மதேசத்தில் மைக்செட் வைத்திருக்கிறேன். திண்டிவனம் – மரக்காணம் சாலையில் காதுகுத்து, கூழ் ஊற்றுவது எதுவானாலும் என் பாக்ஸ் போகும். “அதான் யூடியூப்ல ஓசியில வருதே, எதுக்குக் காசு?” என்று பையன் கேட்கிறான். கூட்டம் கூடிய திருவிழாத் திடலில் நின்று ஒரு மணி நேரம் நெட் பிடித்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம். அதை விடுங்கள். இது தொழிலுக்கு இல்லை, என் காதுக்கு. அப்பா தவில்காரர். நசுக்கிச் சுருக்கிய எம்பி3-யைப் பெரிய பாக்ஸில் போட்டால் தவிலின் வலந்தலை தகரத்தைத் தட்டுகிற மாதிரிக் கேட்கும். ஃபிளாக் கோப்பில் அந்தச் சேதாரம் கிடையாது. கூடு போட்ட விரல் தோலில் விழுவது தனியாகக் காதில் விழும். ஓசிப் பாட்டே போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நம் ஊரில் பாட்டை விற்ற கடைகள் பெரும்பாலும் நிலைக்கவில்லை. ஃபிளிப்கார்ட் 2012-இல் ‘ஃப்ளைட்’ என்று ஒன்றைத் திறந்து அடுத்த வருடமே மூடியது. கூகுள் பிளே மியூசிக் 2016-இல் இங்கே பாட்டு விற்கத் தொடங்கி 2020-இல் உலகம் முழுக்கவே கடையைக் கட்டியது. இப்போது பெரும்பாலும் மாத வாடகைதான். வாடகையை நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும்.

நான் கணக்கு வைத்திருந்த கடையின் பெயர் வேண்டாம். இந்தியக் கணக்கில் சிறுகச் சிறுக நிறைய வாங்கி வைத்திருந்தேன். ஒருநாள் நாதஸ்வரத் தட்டு ஒன்று கண்ணில் பட்டது. நம் பக்கத்துக் கலைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போய் அங்கே ஒரு கம்பெனி பதிவு செய்தது. அமுக்கினால், ‘உங்கள் நாட்டில் கிடைக்காது.’ ஊதியவர் தமிழ்நாடு, அடித்தவர் தமிழ்நாடு, கேட்கத்தான் தமிழ்நாட்டுக்காரனுக்கு உரிமை இல்லை!

இதன் சூட்சுமம் சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். படத்தை என்எஸ்சி, கோவை, எஃப்எம்எஸ் என்று ஏரியா பிரித்து விற்பதில்லையா? ஒலிப்பதிவின் உரிமையையும் அப்படித்தான் நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். இந்திய ஏரியாவை யாரும் வாங்கவில்லையென்றால், கடையில் சரக்கு இருந்தும் நமக்குத் தர முடியாது. விபிஎன் போட்டால் போதும் என்று பையன்கள் சொல்வார்கள். விபிஎன் கடை வாசல் வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போகும். கல்லாவில் கார்டு எந்த நாடு என்று பார்ப்பார்கள்.

இங்கேதான் என் அத்தை மகன் வருகிறான். புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுக் குடியுரிமை, பாரீஸில் வேலை. அங்கிருந்து 25 யூரோ கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்பினான். “மச்சான், நாட்டை பிரான்சுன்னு மாத்திட்டு எங்க வீட்டு விலாசத்தைப் போடுங்க. யாரு வந்து பாக்கப் போறான்?” யாரும் வந்து பார்க்கவில்லைதான். கார்டு எண்ணைப் போட்டேன், தட்டு வந்தது, அன்று ராத்திரி பாதி ஊரை எழுப்பினேன். கணக்குக்கு ஊர் மாறினால் பழைய கடையில் வாங்கியதெல்லாம் மறைந்துவிடும் என்பதை அவனும் சொல்லவில்லை, கடையும் பெரிய எழுத்தில் போடவில்லை. இந்தியாவில் வாங்கிய பாட்டெல்லாம் லேப்டாப்பில் இருந்ததால் எனக்கும் தெரியவில்லை.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. குடோனில் தண்ணீர் ஏறியபோது ஆம்ப்ளிஃபயரையும் யூனிட்டுகளையும் பரணில் ஏற்றினேன். எவனும் அதைத்தான் முதலில் தூக்குவான், அதில்தான் சோறு. லேப்டாப் பையும், அதற்குள்ளேயே இருந்த ஹார்ட் டிஸ்க்கும் மேசைக்கடியில் மூழ்கின.

போனால் போகிறது, காசு கொடுத்ததுதானே, திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்று கடைக்குள் போனால் பிரான்ஸ் தட்டு ஒன்றுதான் இருக்கிறது. இந்தியச் சாமான் ஒன்றும் இல்லை. சரி, இந்தியாவுக்கே திரும்பலாம் என்றால் அதற்கு இருப்புத் தொகை பூஜ்ஜியமாக இருக்கவேண்டுமாம். என் கணக்கில் மிச்சம் 62 சென்ட். கடையில் ஆகக் குறைந்த பாட்டே 99 சென்ட். செலவழிக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. சாட்டில் வந்தவர் ஒவ்வொரு தடவையும் என் ஏமாற்றம் தமக்குப் புரிவதாகச் சொன்னார். கடைசியில், அந்த 62 சென்ட்டை நானாக விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கேட்டார்கள். கொடுத்தேன். இந்தியா திரும்பியது. பாட்டில் ஒரு பங்கு திரும்பவில்லை. இடைப்பட்ட காலத்தில் உரிமை ஒப்பந்தம் முடிந்து கடையிலிருந்தே எடுத்துவிட்டார்களாம். நாதஸ்வரத் தட்டா? அது பிரான்ஸ் கணக்கில் வாங்கியதாயிற்றே, அதுவும் மறைந்தது. நான் திருட்டு விசிடி வாங்கியவனில்லை. கேட்ட விலையைக் கொடுத்தவன்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ரிசர்வ் வங்கி உத்தரவுக்குப் பிறகு வரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் திறந்து, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். ரூபே கார்டைப் பல வெளிநாட்டுக் கடைகள் எடுப்பதில்லை, விசாவோ மாஸ்டரோ வேண்டும். விலைக்கு மேல் வங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

முதலில் பேண்ட்கேம்ப்பில் தேடுங்கள். கலைஞரோ சின்னக் கம்பெனியோ நேராக விற்கிற இடம் என்பதால் பெரும்பாலும் நாட்டைக் கேட்பதில்லை, ஃபிளாக்கும் தருவார்கள். 2020 மார்ச் 20-இல் தொடங்கி, சில வெள்ளிக்கிழமைகளில் தன் கமிஷனைக்கூட அது விட்டுக்கொடுக்கிறது. நாட்டுப்புற இசைக்கு ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ். மோசஸ் ஆஷ் 1948-இல் ஆரம்பித்த கம்பெனி. 1987-இல் ஸ்மித்சோனியன் அதை வாங்கியபோது ஒரு தட்டைக்கூட விற்பனையிலிருந்து எடுக்கக்கூடாது என்று பேச்சு. அந்த ஒரு பேச்சுக்காகவே நான் அங்கே வாங்குவேன்.

வாங்கிய அன்றே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. பென்டிரைவை நம்பாதீர்கள். எங்கள் பக்கத்து உப்பளக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாண்டினால் அதன் தகர வாயில் துரு பூத்துவிடும். என்னுடையதில் ஒன்று திண்டிவனத்தில் மகள் வீட்டு பீரோவில், செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது.

இன்னொன்று, சிடிக்கு நாடு கிடையாது. டிவிடிக்கு உண்டு, பாட்டு சிடிக்கு இல்லை. பாரீஸில் வாங்கியது பிரம்மதேசத்திலும் பாடும். அந்த நாதஸ்வரத் தட்டு சிடியாகவும் வந்திருக்கிறது. அத்தை மகன் பொங்கலுக்கு வருகிறான், வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். காசு கொடுப்பதாக இல்லை.