சத்துணவுக் கூடத்துச் சுவரில் டைல் பதித்தல்

திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள பாப்பாக்குறிச்சியில் 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாயிற்று. ஆகவே பல ஊர்களில் பள்ளி அடுப்பு இப்பொழுது விடியலிலும் எரிகிறது. நண்பகலுக்கு முன்னும் எரிகிறது. தாளிப்பில் தெறிக்கும் எண்ணெயையும் மஞ்சட்கறையையும் இருவேளையும் ஏற்பது அடுப்புக்குப் பின்னாலுள்ள சுவரே. அதற்கு டைல் பதிக்க ஊராட்சி மன்றங்கள் தீர்மானம் இயற்றுவது முறையே. ஆனால் வேலை நடக்கும் விதத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் பதித்த டைல்கள் ஓராண்டு நிறைவதற்குள் பெயர்ந்தன. ஒரு நாள் முற்பகலில் ஒரு டைல் மேடைமீது விழுந்து நொறுங்கி, சில்லுகள் சாம்பார் அண்டாவில் தெறித்தன. சாம்பார் முழுவதையும் கொட்டிவிட்டு, அன்று பிள்ளைகளுக்கு மோர்ச் சோறு இட்டனர். சுவரைப் பார்த்தபொழுது காரணம் விளங்கிற்று. பழைய சுண்ணாம்பு வெள்ளையைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே கலவை வைத்திருந்தார்கள். வெள்ளைப் பூச்சோடு டைலும் கழன்றது. அந்த வேலையின் பட்டியலில் ஒப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

எனவே முதல் வேலை சுவரைக் கொத்துவது. பூச்சின் கெட்டியான பகுதி தெரியும் வரை கொத்தி, தூசி போகக் கழுவ வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலும் கரையோர ஊர்களிலும் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூப்பதுண்டு. ஓதத்தின் மூலத்தை அடைக்காமல் டைலால் மறைத்தால் நோயை உள்ளே வைத்துக் கட்டியதாகும்.

டைலில் இரு வகை உண்டு. சாதாரணச் சுவர் டைல் தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நீர் உறிஞ்சும். விட்ரிஃபைடு டைல் அரைப் பங்குகூட உறிஞ்சாது. முன்னதை நீரில் குமிழி அடங்கும் வரை ஊற வைத்துச் சிமெண்டுக் கலவையில் பதிக்கலாம். பின்னதைக் கலவை பற்றாது. அதற்கென விற்கும் பசைதான் வேண்டும். அடுப்புச் சுவருக்குச் சாதாரண வகையே போதும், விலையும் குறைவு. பெட்டியில் ஐ.எஸ். 15622 என்ற தர எண் உள்ளதா எனப் பார்த்தல் நலம். ஆத்தங்குடிக் கற்களின் அழகில் மயங்கி அவற்றைக் கேட்போர் உண்டு. அவை சிமெண்டால் ஆனவை. எண்ணெயை உறிஞ்சும், புளி பட்டால் அரிக்கப்படும். கூடத்துத் தரைக்கு அவை அழகு, அடுப்படிக்கு ஆகா.

வழவழப்பான வெளிர் நிறமே நல்லது. அழுக்குத் தெரியாதிருக்க அடர்நிறம் கேட்கிறார்கள். அழுக்குத் தெரிந்தால்தானே துடைப்பார்கள்? திருவரங்கத்துப் பழைய வீதிகளில் பக்கச்சுவர் பொதுவாக அமைந்து, அடுக்களை இருண்டிருக்கும் வீடுகளுக்கும் வெளிர் நிறமே வெளிச்சம் கூட்டும். பழக்கூடையும் தேநீர்க் கோப்பையும் வரைந்த டைல்கள் மீது நம்மவர்க்குள்ள மோகம் தனிக்கதை.

இனி அளவு. கணக்குத் தவறுவது இங்கேதான். 10 அடிச் சுவரும் அதை ஒட்டி மூலையில் 6 அடிச் சுவரும், 4 அடி உயரத்துக்குப் பதிக்க வேண்டும் எனக் கொள்வோம். பரப்பு 64 சதுர அடி. "ஒன்றுக்கு இரண்டு அடி" டைல் 32. சேதாரம் நூற்றுக்குப் பத்துச் சேர்த்து 36 என்று மதிப்பீட்டில் எழுதுவர். ஆனால் அந்த டைலின் உண்மை நீளம் 600 மில்லிமீட்டர். இரண்டு அடிக்குச் சற்றே குறைவு. 10 அடி என்பது 3,048 மில்லிமீட்டர். படுக்கையாக ஐந்து டைல் வைத்தால் ஓரத்தில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் மிஞ்சும். அந்த இடத்தில் விரலகலத் துண்டுகளைச் செருகுவது கொத்தனார் வழக்கம். முதலில் பெயர்வதும் அவையே. சந்தை அகலமாக்கிச் சரிக்கட்டினால் அழுக்குத் தங்கும். நடுவில் நான்கு முழு டைல், இரு ஓரத்திலும் 319 மில்லிமீட்டர்த் துண்டு, இடையே 2 மில்லிமீட்டர்ச் சந்து என்று பங்கிடுவதே சரி. ஒரு டைலில் அத்தகைய துண்டு ஒன்றுதான் கிடைக்கும். ஆகவே வரிசைக்கு ஆறு, நான்கு வரிசைக்கு 24. அடுத்த சுவரில், முதற்சுவரின் டைலும் கலவையும் மூலையில் 20 மில்லிமீட்டர் அளவு அடைத்துக்கொள்வதால், மூன்று முழு டைல் ஏறக்குறையச் சரியாக அமையும், அதற்கு 12. மொத்தம் 36. அதாவது மதிப்பீட்டில் சேதாரத்துக்கென்று எழுதியது பதிப்பதற்கே தீர்ந்துவிடும். ஆகவே 40 வாங்க வேண்டும். வாங்குமுன் டைலைத் தரையில் அடுக்கிப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும்.

மேடை மட்டமாக இருக்கும் என நம்பலாகாது. ரசமட்டம் பிடித்து ஒரு மரச்சட்டத்தை அடித்து, இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்கி, அடிவரிசையைப் பின்னர் வெட்டிப் பொருத்துக. கலவை ஒன்றுக்கு மூன்று. டைலின் முதுகு முழுவதும் பரவ வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கும். அங்கே கரப்பான் குடியேறும். உறுப்பினர்கள் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்க்கலாம். பொள்ளல் ஓசை எழுந்தால் பெயர்த்து மீண்டும் பதிக்கச் சொல்க. சந்தை மறுநாள் நிரப்ப வேண்டும். அடுப்புக்குப் பின்புறம் மட்டுமாவது எபாக்சி பூசினால் மஞ்சள் ஏறாது. விறகடுப்பு உள்ள இடத்தில் தீ நேரே படும் பகுதிக்கு டைலே வேண்டாம். பூச்சும் வெள்ளையும் போதும்.

பெட்டிகளில் அச்சிட்ட நிறத் தொகுப்பு எண் ஒன்றாயிருக்க வேண்டும். மிஞ்சிய டைல்களைப் பெட்டியோடு இருப்புப் பதிவேட்டில் ஏற்றி வைக்க வேண்டும். முற்கூறிய ஊராட்சியில் அவ்வாறு வைக்காமையால், பின்னர் பதித்த இரண்டு வரிசை இன்றும் நிறம் மாறித் தனியே தெரிகிறது.