மரம் அறிவோம்: ஆப்பிரிக்கச் செர்ரி

மரத்தோட ஊர்ப்பேர் தெரிஞ்சா போதாதா, வாயில் நுழையாத தாவரவியல் பேர் எதுக்கு என்று நம்ம நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்குப் பதிலாக ஆப்பிரிக்க மருந்து மரம் ஒன்றைப் பார்ப்போம்.

அடையாளம்

கேமரூன், கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர் ஆகிய நாடுகளின் மலைக்காடுகளில் வளரும் மரம் இது. ஆண்டு முழுதும் பசுமையாக இருக்கும். 30 மீட்டருக்கு மேலும் உயரும். இலை விளிம்பில் ரம்பப் பல் இருக்கும். வெள்ளைப் பூக்கள் கொத்தாக வரும். பழம் சிறியது, கசப்பானது. இலையைக் கசக்கி முகர்ந்தால் கசப்பு பாதாம் வாசம் அடிக்கும்.

குடும்பம்

அந்த வாசமே உறவைக் காட்டிக் கொடுத்துவிடும். இது ரோஜாக் குடும்பம்; பேரினம் புரூனஸ்; சிற்றினம் ஆப்பிரிக்கானா. பீச், பிளம், ஏப்ரிகாட், பாதாம் எல்லாம் இதே பேரினம்தான். பாதாம்னதும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நிற்கிற நாட்டு பாதாமை நினைச்சுக்காதீங்க. அது மருத மரத்துக்குப் பங்காளி, இதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.

பேர்க் குழப்பம்

ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹூக்கர் 19ஆம் நூற்றாண்டில் இதற்கு பைஜியம் ஆப்பிரிக்கானம் என்று பெயரிட்டார். பைஜியத்தைத் தனிப் பேரினமாகப் பிரிக்க வேண்டியதில்லை என்று கருதிய நெதர்லாந்து அறிஞர் கால்க்மன், 1965இல் இதைப் புரூனஸில் சேர்த்தார். மருந்துப் புட்டிகளில் இன்றும் பைஜியம் என்றே இருக்கும். ரெண்டு பேர், ஆனா மரம் ஒண்ணுதான்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இதை 'சிவப்பு நாற்ற மரம்' என்ற பொருள்படும் பேரில் அழைப்பார்கள். வெறும் 'நாற்ற மரம்' என்பது லவங்கப்பட்டைக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு மரம். பேர் ஒண்ணு, மரம் ரெண்டு!

பட்டை படுத்தும் பாடு

ஆப்பிரிக்க மக்கள் இதன் பட்டையைக் காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். வயதான ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஐரோப்பாவில் 1960களின் பிற்பகுதியில் பட்டைச் சாறு மருந்தாக வந்தது. அதன்பின் டன் கணக்கில் பட்டை கப்பலேறியது.

இலை தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்குவது உள்பட்டை வழியாகத்தான். சுற்றிலும் உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் கால்வாசி கால்வாசி மட்டும் உரித்து, பட்டை மறுபடி மூடும்வரை சில ஆண்டுகள் விட்டுவைப்பதுதான் சரியான முறை. வட்டியை மட்டும் எடுக்கணும், அசலில் கை வைக்கக் கூடாது. ஆனால் பல இடங்களில் முழுசா உரித்தார்கள், மரத்தையே வெட்டியும் சாய்த்தார்கள். கடைசியில் 1995 முதல் இம்மரம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டு இனத்துக்குக் கேடு இல்லை என்று உறுதி செய்து உரிமம் தந்தால்தான் ஏற்றுமதி செய்யலாம். அந்தப் பட்டியலில் புரூனஸ் என்றே இருக்கும். பைஜியம் என்று மட்டும் தெரிந்தவர் தேடினால் கிடைக்காது.

உழவர் கையில்

கேமரூன் மலைப்பகுதி உழவர்கள் இப்போது இதைக் காப்பியோடு சேர்த்து நடுகிறார்கள். விதை வெகுநாள் தாங்காது. பழுத்ததும் எடுத்துச் சீக்கிரம் விதைக்க வேண்டும். பட்டை எடுக்கும் பருவம் வர பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

நமக்கான பாடம்

நம்ம அசோக மரத்துக்கும் இதே கதிதான். பட்டைக்காக உரித்து உரித்தே காட்டில் அருகிவிட்டது. அசோகப்பட்டை என்ற பேரில் நெட்டிலிங்கப் பட்டை கலந்து விற்கப்படுகிறது. அசோகம் புளிய மரத்தின் குடும்பம். நெட்டிலிங்கம் சீத்தாவின் குடும்பம்.

ஆகவே மருந்து மரக் கன்று வாங்கும்போது இந்த மூன்றையும் கேளுங்க:

1. தாவரவியல் பேர் என்ன, பழைய பேர் ஏதும் உண்டா?
2. எந்தக் குடும்பம்?
3. மருந்துக்கு எந்தப் பாகம் எடுப்பார்கள், எடுத்தபின் மரம் பிழைக்குமா?

பதில் சொல்லத் தெரியாத இடத்தில் கன்று வாங்காதீங்க. பத்து வருஷம் கழித்துத் தப்பான மரம்னு தெரிந்தால், போன காலம் திரும்பாது.