செயற்றிட்டத்திற்கு ஏற்ற இலவச விருத்திச் சூழலைத் தெரிவு செய்தல்



செய்நிரலாக்கச் செயற்றிட்டத்தைத் தொடங்குமுன் பலர் கேட்கும் முதல் வினா, "ஆசிரியரே, எந்த மென்பொருளில் எழுதுவது?" என்பதாகும். என்னிடம் கற்ற மாணவி ஒருவர் அவ்வாறு கேட்காமல், கட்டணத்திற்குரிய மென்பொருளொன்றின் 30 நாள் முயற்சிப் பதிப்பில் வேலையைத் தொடங்கினார். 31 ஆம் நாள் அது திறக்கவில்லை. ஒப்படைக்க ஒரு வாரமே இருந்தது. குறிமுறை எஞ்சியது, ஆனால் படிவங்கள் அனைத்தையும் மீண்டும் அமைக்க நேர்ந்தது. அந்நிலை உங்களுக்கு வராதிருக்க இப்பாடத்தைக் கவனமாக வாசியுங்கள்.

ஒருங்கிணைந்த விருத்திச் சூழல் என்றால் என்ன?

செய்நிரலை எழுதவும், இயக்கவும், வழுக்களை நீக்கவும் தேவையான கருவிகள் ஒரே இடத்தில் அமைந்த மென்பொருளாகும். இதன் பிரதான கூறுகள்:

1. பதிப்பி - குறிமுறையைத் தட்டெழுதித் திருத்துமிடம்
2. தொகுப்பி அல்லது வரிமொழிமாற்றி - குறிமுறையைக் கணினி நிறைவேற்றத்தக்கதாக்குவது
3. வழுநீக்கி - செய்நிரலைப் படிப்படியாக இயக்கி, மாறிகளின் பெறுமானங்களைக் காட்டுவது

இலவசமும் திறந்த மூலமும் ஒன்றல்ல

பணம் செலுத்தாமல் பெறுவதெல்லாம் திறந்த மூல மென்பொருள் அல்ல. திறந்த மூல மென்பொருளின் மூலக் குறிமுறையைப் பார்க்கவும், மாற்றவும், பகிரவும் உரிமை உண்டு. முயற்சிப் பதிப்பு இவ்விரண்டிலும் சேராது. அது காலவரையறை கொண்டது. திருட்டுப் பிரதியோ சட்டவிரோதமானது, நச்சுநிரலையும் கொண்டுவரக்கூடும்.

பைதன் மொழிக்கான மூன்று தெரிவுகள்

ஐடில்: விண்டோஸில் பைதனை நிறுவும்போது கூடவே வருவது. சிறியது, பழைய கணினியிலும் இயங்கும்.

தொன்னி: எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்க மாணவருக்கென உருவாக்கப்பட்ட திறந்த மூல மென்பொருள். பைதனும் உள்ளேயே உண்டு. கோவையொன்று கணிக்கப்படும் ஒழுங்கைப் படிப்படியாகக் காட்டும்.

விஷுவல் ஸ்ரூடியோ கோட்: 2015 இல் மைக்ரோசொப்ட் அறிமுகப்படுத்திய இலவசப் பதிப்பி. பைதனையும் அதற்குரிய நீட்சியையும் வேறாக நிறுவுதல் வேண்டும். பல கோப்புகள் கொண்ட பெரிய செயற்றிட்டத்திற்கு உகந்தது.

உதாரணம்

60, 70, 80 ஆகிய மூன்று புள்ளிகளின் சராசரியைக் காண மாணவர் ஒருவர் 60 + 70 + 80 / 3 என எழுதினார். விடை ஏறத்தாழ 156.67 என வந்தது. தொடரியல் வழு இல்லாததால் கணினி எதையும் சுட்டவில்லை. தொன்னியில் படிப்படியாக இயக்கியபோது 80 மட்டுமே 3 ஆல் வகுக்கப்படுவது தெரிந்தது. (60 + 70 + 80) / 3 எனத் திருத்தியதும் 70 கிடைத்தது. இதுவே தர்க்க வழுவாகும். வழுநீக்கி இடத்தைக் காட்டும். திருத்த வேண்டியவர் நீங்களே.

தெரிவு செய்யுமுன் சரிபார்க்க:

• பாடசாலைக் கணினியிலும் வீட்டுக் கணினியிலும் ஒரே பைதன் பதிப்பு இயங்குமா? விண்டோஸ் 7 இல் 3.8 வரையான பதிப்புகளே இயங்கும். 2021 இல் 3.10 உடன் வந்த "மச்" கூற்றை வீட்டில் பயன்படுத்தினால், அங்கு அது வழுவாகும்.
• இணைய இணைப்பின்றி வேலை செய்யலாமா?
• குறிமுறை சாதாரண உரைக் கோப்பாகச் சேமிக்கப்படுகின்றதா? அவ்வாறாயின் வேறு மென்பொருளிலும் திறக்கலாம்.

நாள்தோறும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்க மறவாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை

எழுத்துப் பரீட்சையில் சொல்லை நிறைவுசெய்து தரவோ, வழுவின் கீழ் சிவப்புக் கோடு இடவோ எந்த மென்பொருளும் இராது. ஆகவே வாரம் ஒரு செய்நிரலையாவது முதலில் தாளில் எழுதி, கையால் சுவடு பார்த்து, பின்னர் கணினியில் இயக்குங்கள்.

மாதிரி வினா

விருத்திச் சூழலொன்றில் வழுநீக்கியின் பயன்கள் இரண்டு தருக.

விடை: (1) செய்நிரலைப் படிப்படியாக இயக்கலாம். (2) ஒவ்வொரு படியிலும் மாறிகளின் பெறுமானங்களை அவதானித்துத் தர்க்க வழுக்களைக் கண்டறியலாம்.