விமானம் ஏறுமுன்

நம் ரமணாசிரமப் பகுதியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் செல்ல ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்வோம். பௌர்ணமியன்று செங்கம் சாலையெங்கும் கிரிவலக் கூட்டம். அன்று இன்னும் முன்னதாகக் கிளம்புவதே விவேகம். விமானம் புறப்பட மூன்று மணி நேரத்திற்கு முன்பே நாம் அங்கிருக்க வேண்டும்.

காகிதங்கள்தான் பெரிய காரியம். நம் இனிஷியலைப் பாஸ்போர்ட்டில் விரித்து எழுதுகிறோம் அல்லவா? பயணச்சீட்டிலும் பெயர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருத்தல் அவசியம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமேனும் செல்லுபடியாக வேண்டுமெனப் பல நாடுகள் கேட்கின்றன.

மாணவியராகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் அரசின் முன் அனுமதி பெற வேண்டும். தேறியவர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. ஆகவே, பத்தாம் வகுப்புச் சான்றிதழை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிடாமல், பாஸ்போர்ட் விண்ணப்பத்துடனேயே காட்டிவிடுவோம்.